அம்பாசமுத்திரத்தில் குடியேறினால் நாள் எப்படிப் போகும், ஞாயிறு எப்படிப் போகும்?

நீங்கள் கேட்டது இது: 12 வருடம் சென்னையில் வேலை. இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மனைவிக்கு அம்பை, அதாவது அம்பாசமுத்திரம் பக்கம் சொந்தம் உண்டு. எட்டு வயதில் ஒரு மகள். தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ வீடு பார்க்கலாமா? அன்றாடம் எப்படி இருக்கும், சனி ஞாயிறில் என்ன செய்வார்கள், ஒரு மாதத்தில் சலித்துவிடாதா?

நான் அம்பையில் பிறந்தவன். 11 வருடம் சென்னையில் இருந்துவிட்டு, 14 வருடத்துக்கு முன் திரும்பி வந்து, அரிசி ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கேள்வியை நானே எனக்குள் கேட்டுக்கொண்டு வந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சலிக்குமா சலிக்காதா என்பது இங்கே ஒரு பழக்கத்தில்தான் இருக்கிறது. தினமும் ஆற்றுக்குப் போகிறவருக்குச் சலிக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆற்றைப் பார்க்கக் கிளம்புகிறவருக்கு ஆறு மாதத்தில் சலித்துவிடும். நான் முதலில் இரண்டாவது வகையில்தான் இருந்தேன். வாரம் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை, ஞாயிறு காலை குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் அகத்தியர் அருவி, மறு வாரம் மணிமுத்தாறு, அதற்கடுத்த வாரம் குற்றாலம். எங்கே போனாலும் கூட்டம், வண்டி நிறுத்த இடம் தேடுவது, பொட்டலச் சாப்பாடு, திரும்பி வரும்போது பிள்ளைகள் காரிலேயே தூங்கிப்போவார்கள். திங்கட்கிழமை எனக்கு உடம்பு அசந்து கிடக்கும். எதிர்வீட்டு ஆச்சிதான் ஒரு நாள் வாசலில் நின்று கேட்டாள். "ஏய்யா, ஆறு நம்ம தெருக்கோடில ஓடுது. நீ எதுக்கு எண்ணெயப் போட்டு வண்டியில போற?" மறுநாள் காலையில் துண்டை எடுத்துக்கொண்டு நடந்தே போனேன். அன்று தொடங்கியதுதான்.

ஆற்றைப் பற்றி முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் அந்த மலையில் பெய்வதால் வற்றாத ஆறு என்று பெயர் வாங்கியிருக்கிறது. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் அது போய்ச் சேருவதற்கு முன்னால், மலையை விட்டு இறங்கிய கையோடு தொடுகிற ஊர்கள் எங்களுடையவை. விக்கிரமசிங்கபுரம், அம்பை, கல்லிடை மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். வடகரையில் அம்பை, தென்கரையில் கல்லிடை. நடுவில் பாலம். பக்கத்திலேயே ரயில் பாலம். செங்கோட்டை வண்டி அதன்மேல் போகிற சத்தத்தை வைத்து மணி சொல்கிறவர்கள் படித்துறையில் உண்டு.

இனி ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன்.

விடிகாலை ஐந்தரைக்குக் காசிநாதர் கோயில் படித்துறையில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அவரவருக்கு ஒரு கல் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எந்தக் கல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருகிறவர் தெரியாமல் அதில் துணியை வைத்தால் ஒருவரும் திட்டமாட்டார்கள், பக்கத்தில் வந்து சும்மா நிற்பார்கள். அதிலேயே புரிந்துகொள்ள வேண்டும். முதல் ஒரு வாரம் ஓரமாக நின்று குளியுங்கள். எட்டாம் நாள் யாராவது உங்களுக்கு ஒரு இடம் காட்டிவிடுவார்கள். பெண்கள் குளிக்கும் பக்கம் வேறு. அங்கேயும் இதே கதைதான் என்று என் மனைவி சொல்கிறாள்.

ஆடியில் தண்ணீர் கடுங்குளிர்ச்சி. மேலே மலையில் சாரல் பெய்து அணைக்கு வந்து, அங்கிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அது. காலை வைத்தவுடன் முழங்கால் வரை ஜிவ்வென்று ஏறும். மார்கழியில் நேர்மாறு. காற்று சில்லென்று இருக்கும், ஆற்றுமேல் ஆவி பறக்கும், இறங்கினால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். மேலே ஏறத்தான் மனசு வராது. இந்த வித்தியாசம் எனக்குச் சிறுவயதில் தெரிந்திருந்து, சென்னையில் மறந்து, திரும்பி வந்த பிறகு மறுபடி தெரிந்தது. குளிக்கும்போது கெண்டைக் குஞ்சுகள் காலைக் கொத்தும். உங்கள் மகள் முதல் நாள் அலறுவாள், மூன்றாம் நாள் அவற்றுக்குச் சோறு கொண்டுவருவாள்.

படித்துறையில் நடக்கும் முக்கியமான காரியம் குளியல் இல்லை, விசாரிப்பு. "நேத்து வரலியே அண்ணாச்சி, மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்பார்கள். இதை வெறும் பேச்சு என்று நினைக்க வேண்டாம். என்னிடம் "எதுக்கு வண்டியில போற" என்று கேட்ட அதே ஆச்சி, மூன்று வருடத்துக்கு முன் இரண்டு நாள் துறைக்கு வரவில்லை. பிள்ளைகள் வெளியூரில், அவள் தனியாக இருந்தாள். மூன்றாம் நாள் காலை ஈரத்துணியோடே இரண்டு பெண்கள் அவள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள். உள்ளே அடுக்களையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். போனை எடுக்க அவளால் நகர முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைத்துக்கொண்டாள். இப்போது வாக்கர் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை வந்து, ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். ஆற்றுக்குத் தினம் போவது என்பதில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். ஒரு மனுஷன் இரண்டு நாள் காணாமல் போனால் அது நான்கு பேருக்குத் தெரிகிறது.

குளித்துவிட்டு வரும் வழியில் டீக்கடை. பேப்பரில் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டம். பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். இன்றைக்கு எவ்வளவு, நேற்றைக்கு எவ்வளவு, வரத்து எத்தனை கன அடி என்பதில்தான் ஊரின் முகம் இருக்கிறது. வழக்கமாக ஜூன் 1 வாக்கில், அணையில் தண்ணீர் இருந்தால், கார் என்கிற நெல் போகத்துக்குத் திறப்பார்கள். ஐப்பசி வாக்கில் பிசானம் தொடங்கும், அதுதான் பெரிய போகம். மழை பொய்த்து, கார் இல்லை என்று ஆகிவிட்ட வருடத்தில் ஜவுளிக்கடை முதல் என்னைப் போலக் கணக்கு எழுதுகிறவன் வரை எல்லோருக்கும் அது தெரியும். நீங்கள் சம்பளம் வேறெங்கிருந்தோ வாங்கினாலும், இந்த ஊரில் இருந்துகொண்டு அணை மட்டம் தெரியாமல் இருக்காதீர்கள். தெரிந்துகொண்டால்தான் பக்கத்து வீட்டுக்காரர் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று புரியும்.

நெல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் இட்லிக்குப் போடுகிற குண்டு அரிசி, ஏ.எஸ்.டி. 16, இங்கே பிறந்ததுதான். அம்பை 16 என்று சொல்வோம். சென்னையில் நீங்கள் சாப்பிட்ட இட்லியில் எத்தனையோ எங்கள் ஊர் ரகமாக இருந்திருக்கும்.

மதியம் நீங்கள் வீட்டில் வேலை பார்ப்பீர்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இணையம் நன்றாகவே வருகிறது. பங்குனி சித்திரையில் வெயில் கொளுத்தும், அதற்கு மலையடிவாரம் என்று எந்தச் சலுகையும் கிடையாது. ஆனி ஆடியில் தலைகீழ். மேற்கே மலை முழுக்க மேகம் போர்த்தி, பொடிச் சாரல் காற்றோடு தெருவுக்கு வந்துவிடும். கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. ஜன்னலைத் திறந்து வைத்து வேலை பார்க்கலாம், அந்தக் காற்றுக்குச் சம்பளத்தில் பாதியைக் கொடுக்கலாம்.

மாலை ஐந்தரைக்கு மேல் ஊர் மறுபடி வெளியே வரும். கல்லிடையில் வீடு பார்த்தால் கன்னடியன் கால்வாய் உங்களுக்குப் பக்கம். இந்தக் கால்வாய்க்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மச்சாரிக்குக் கிடைத்த பொன்னை வைத்து வெட்டியது என்றும், எங்கே வெட்டுவது என்று அகத்தியரைக் கேட்க, முன்னால் போகிற பசுவைப் பின்தொடரச் சொன்னார் என்றும், அது நடந்த வழி வாய்க்காலாகவும் படுத்த இடம் குளமாகவும் ஆனது என்றும் கதை. கால்வாய் வளைந்து வளைந்து போவதைப் பார்த்தால் கதையை நம்பத் தோன்றும். வயலின் சரிவு பார்த்து வெட்டியவர்களின் கண் அது.

உங்கள் மகள் நீச்சல் கற்கப்போவது இந்தக் கால்வாயில்தான். ஆற்றில் வேண்டாம். கால்வாயில் இடுப்பளவு, மார்பளவு தண்ணீர், இழுப்பும் நிதானம், கரைக்குக் கை எட்டும். எங்கள் தெருப் பெண் ஒருத்தி போன வருடம் கற்றதைத் தினமும் பார்த்தேன். முதலில் வாழைத்தண்டு இரண்டைச் சேர்த்துக் கட்டி வயிற்றுக்குக் கீழே கொடுத்தார் அவள் தாத்தா. ஒரு வாரம் கால்களை மட்டும் அடித்தாள். பிறகு தண்டு ஒன்று. பிறகு அவர் உள்ளங்கை மட்டும் வயிற்றுக்குக் கீழே. ஒரு மாலையில் பேச்சுவாக்கில் கையை எடுத்துவிட்டார். அவளுக்கு அது தெரியாது. நாலு பாகத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள், தாத்தா பின்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். அவள் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. திரும்பவும் ஒரு தடவை போய்ப் பார்த்தாள். கோடையில் வேலைக்காகக் கால்வாயை அடைத்துவிடுவார்கள், அப்போது மணல்தான் இருக்கும். அதனால் தண்ணீர் திறந்த கையோடு கற்றுக்கொடுத்துவிடுங்கள்.

இப்போது சனி ஞாயிறுக்கு வருகிறேன்.

சனிக்கிழமை ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல். இதை விட்டவர்கள் நிறையப் பேர், விடாதவர்களும் இருக்கிறார்கள். நல்லெண்ணெயைச் சூடாக்கி, மிளகு போட்டுப் பொரித்து, உச்சி முதல் பாதம் வரை தேய்த்து அரை மணி ஊறவிட்டு, சீயக்காய்ப் பொடியும் துண்டுமாக ஆற்றுக்குப் போவார்கள். என் அப்பா அந்த அரை மணியில் திண்ணையில் உட்கார்ந்து ஒருவரோடும் பேசமாட்டார். கண்ணில் எண்ணெய் இறங்காமல் புருவத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்த மௌனம்தான் அவருக்கு வாரத்தின் ஓய்வு என்று இப்போது புரிகிறது. குளித்து வந்தால் உளுந்தஞ்சோறு. கறுப்பு உளுந்தும் அரிசியும் பூண்டும் வெந்தயமும் சேர்த்துக் குழைய வடித்தது, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். சாப்பிட்டுவிட்டுப் பகலில் தூங்கக்கூடாது என்பார்கள், தூக்கம் கண்ணைச் சுற்றும். அதைச் சமாளிக்கத்தான் சனிக்கிழமை மத்தியானம் வீடுகளில் தாயம் உருளும், பழைய ஆல்பங்கள் வெளியே வரும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் விருந்தாளிகளுடையது. காலை ஏழு மணியிலிருந்து பாபநாசம் ரோட்டில் வேன்களும் கார்களும் வரிசையாக மேலே ஏறும். அகத்தியர் அருவியில் வருடம் முழுக்கத் தண்ணீர் விழும் என்பதால், குற்றாலம் வறண்ட மாதங்களிலும் கூட்டம் குறையாது. அன்றைக்கு உள்ளூர்க்காரர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. வெளியூரிலிருந்து அவ்வளவு தூரம் வந்தவர்கள் குளித்துவிட்டுப் போகட்டும். நமக்கு அருவி வேண்டுமென்றால் செவ்வாயோ புதனோ ஒரு நாள் லீவு போட்டுக் காலையிலேயே போய்விட வேண்டும். செக்போஸ்டில் வனத்துறை பையைப் பார்ப்பார்கள், பிளாஸ்டிக்கை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒத்துழையுங்கள், அதற்கு மேலே புலிகள் காப்பகம் தொடங்குகிறது. மாஞ்சோலை மலைக்கும் வனத்துறை அனுமதி வேண்டும், நினைத்த நேரத்தில் போய்விட முடியாது.

அப்படியானால் ஞாயிறு நாங்கள் எங்கே போவோம்? பெரும்பாலும் எங்கேயும் இல்லை. போனால் திருப்புடைமருதூர்.

இந்த ஊரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இங்கே வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைப் பார்க்காமல் போகிறார்கள். வீரவநல்லூர் பக்கம். கடனாநதி வந்து தாமிரபரணியில் கலக்கும் இடம். கரையில் நாறும்பூநாதர் கோயில். மூலவர் லிங்கம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எதிர்க்கரையில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட கருவூர்ச் சித்தர் கூப்பிட்டதைக் காது கொடுத்துக் கேட்கச் சாய்ந்தார் என்பது தலபுராணம். ராஜகோபுரத்துக்குள்ளே ஐந்து நிலைகளிலும் மரச்சிற்பங்களும் சுவர் நிறைய ஓவியங்களும் உண்டு. போர்க்களம், குதிரைகள், கப்பல், புராணக் காட்சிகள். படி குறுகல், வெளிச்சம் குறைவு, எப்போதும் திறந்திருக்காது. கோயில் நிர்வாகத்திடம் கேட்டு, அனுமதி கிடைத்தால் ஏறிப் பாருங்கள். சுவரைத் தொடாதீர்கள், பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். நிறம் உதிர ஆரம்பித்தால் திரும்பி வராது.

கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில்தான் பறவைகள். நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் தலைமுறையாக அவற்றைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டார்கள். 2005-இல் அரசு இதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தது. நாங்கள் போகும்போது கூட்டாஞ்சோறு கட்டிக்கொண்டு போவோம். அரிசி, பருப்பு, முருங்கைக்கீரை, கத்தரிக்காய், வாழைக்காய், மாங்காய் எல்லாம் ஒன்றாக வெந்த சோறு, கல்லிடை அப்பளம், கூழ்வற்றல். தூக்குவாளியைத் திறந்து கரையில் உட்கார்ந்தால் மேலே குஞ்சுகள் இரை கேட்டுக் கத்துகிற சத்தம் நிற்காது. தாய்ப்பறவை வரும்போது அந்தக் கிளை மட்டும் சத்தம் கூடி, போனதும் அடங்கும். கொஞ்ச நேரம் கேட்டால் எந்தக் கிளைக்குச் சாப்பாடு வந்திருக்கிறது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். என் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாக வைத்திருக்கிறார்கள்.

அதேபோல மன்னார்கோயிலுக்கும் பிரம்மதேசத்துக்கும் சைக்கிளிலேயே போய்விடலாம். மன்னார்கோயில் ராஜேந்திர சோழன் பெயரால் ராஜேந்திர சோழ விண்ணகர் என்று அழைக்கப்பட்டது. பதினொன்றாம் நூற்றாண்டுக் கட்டடம், மூன்று அடுக்கு விமானம். அங்கே போனால் கோயிலைவிட, போகிற வழியில் இரண்டு பக்கமும் வயலும் எதிரே மலையும் இருப்பதற்காகவே இன்னொரு தடவை போவீர்கள்.

வருடத்தில் சில நாட்கள் மட்டும் மாமூல் எல்லாம் மாறும். சித்திரை விசுவுக்குப் பாபநாசத்தில் தீர்த்தவாரி. தைப்பூசத்துக்குத் திருப்புடைமருதூர். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு மாவட்டமே மலையேறும், காட்டுக்குள் குடில் போட்டுத் தங்குவார்கள். அந்த வாரத்தில் நீங்கள் யாரையும் வேலைக்குக் கூப்பிட்டு வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள்.

ஆபத்தைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்கக் கூடாது. தாமிரபரணி பார்க்கச் சாது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பீர்கள், இரண்டடி தள்ளிக் கசம் இருக்கும். கசம் என்றால் ஆற்றுக்குள்ளேயே ஆழமான குழி, மேலே பார்த்தால் தெரியாது. பாறை இடுக்குகளில் சுழி உண்டு. சேரன்மகாதேவியில் குருகுலம் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர், 1925-இல் மாணவர்களோடு பாபநாசத்துக்கு வந்தபோது, கல்யாண தீர்த்தத்தில் தவறி விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் பாய்ந்து, மகளோடு தானும் போய்ச் சேர்ந்தார். நூறு வருடம் ஆகிறது. இன்றும் விடுமுறை நாட்களில் வெளியூர்ப் பிள்ளைகளை இந்த ஆறு கொண்டுபோகிறது. அநேகமாக ஒவ்வொரு தடவையும் உள்ளூர்க்காரர்கள் குளிக்காத இடமாகத்தான் அது இருக்கும். யாரும் குளிக்காத துறை அழகாக, காலியாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். கரையில் மாடு மேய்க்கிறவரிடமாவது கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இன்னொன்று, ஊரில் வெயில் அடிப்பதை நம்பாதீர்கள். மழை பெய்வது மேலே. தெளிந்த தண்ணீர் திடீரென்று மங்கி, சருகும் குச்சியும் நுரையும் மிதந்து வர ஆரம்பித்தால் துண்டைக்கூட எடுக்க நிற்காமல் மேலேறிவிட வேண்டும். இதை உங்கள் மகளுக்கு நீச்சலுக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள்.

வீடு பார்க்கும்போது தரகர் சொல்வதோடு நிறுத்தாமல், அந்தத் தெருவில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "1992 வெள்ளத்துல இங்க தண்ணி வந்துச்சா? 2023 டிசம்பர்ல வந்துச்சா?" வந்தது என்றால் எந்தப் படி வரை என்று கேளுங்கள். சுவரில் கையை வைத்தே காட்டுவார்கள். ஆறு தெரிகிற மாதிரி வீடு வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. பழைய ஆட்கள் கோயிலைக் கரையில் கட்டினார்கள், தங்கள் வீட்டை இரண்டு தெரு தள்ளி மேட்டில் கட்டினார்கள். நடந்து போக ஐந்து நிமிடம் என்றால் போதும்.

குறைகளையும் தெரிந்துகொண்டு வாருங்கள். பெரிய வைத்தியம் என்றால் 35 கிலோமீட்டர் தாண்டித் திருநெல்வேலிக்கோ பாளையங்கோட்டைக்கோ போக வேண்டும். உங்கள் பெற்றோர் கூட வருவதாக இருந்தால் இதை முதலில் யோசியுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கடைவீதி அடங்கிவிடும். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். உங்கள் வீட்டுக்கு யார் வந்தார், எந்த மார்க் வாங்கினாள் மகள் என்பது மறுநாள் துறையில் பேச்சாகும். ஆச்சியைக் காப்பாற்றியதும் இதே பேச்சுதான். ஒன்றை விட்டு ஒன்றைத் தனியாக வாங்க முடியாது.

எனக்கு மனசு வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. பரிகாரம் என்று பாபநாசத்தில் குளித்துவிட்டுக் கட்டிய துணியை ஆற்றிலேயே விடுகிற பழக்கம். ஒவ்வொரு அமாவாசை கழிந்தும் தன்னார்வலர்கள் இறங்கி மூட்டை மூட்டையாக எடுக்கிறார்கள். நானும் எடுத்திருக்கிறேன். பாறையில் சுற்றிய சேலையை இழுக்கும்போது அதற்குள் மீன்கள் மாட்டிச் செத்துக் கிடக்கும். ஷாம்பூ பாக்கெட்டும் சாக்கடையும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. கீழே இரண்டு மாவட்டம் இந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. நீங்கள் வந்தால் சீயக்காயோடு வாருங்கள், உறவினர்கள் வரும்போது துணியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். புதிதாக வருகிறவர் சொன்னால் சில சமயம் உள்ளூர்க்காரர் சொல்வதைவிட எடுபடும்.

எப்போது வருவது என்று கேட்டால், ஆனி ஆடியில் வந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாரலில் எந்த ஊரும் பிடித்துப்போகும். பங்குனியில் ஒரு மாதம் வாடகைக்கு இருங்கள். கால்வாய் காய்ந்து, மலை பழுப்பாகி, ஆறு பாறைகளுக்கு நடுவே ஒதுங்கி ஓடுகிற மாதம் அது. அப்போதும் காலையில் துறைக்குப் போகக் கால் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் வீட்டுக்கு முன்பணம் கொடுக்கலாம்.

வருவதாக இருந்தால் முதல் நாள் ஐந்தரைக்குக் காசிநாதர் துறைக்கு வாருங்கள். ஒரு துண்டு, மாற்று வேட்டி போதும். கீழ்ப்படிகளில் பாசி வழுக்கும், உள்ளங்காலை முழுக்கப் பதித்து இறங்குங்கள். பெண்கள் பக்கத்தை ஒட்டி வடக்கு ஓரத்துக் கல் காலியாக இருக்கும், அதில் துணியை வைக்காதீர்கள். அது ஆச்சியுடையது.